அறுபது பேருக்கு மேல் வேண்டாம்

“அம்பத்தெட்டு, அம்பத்தொம்பது, அறுபது. அவ்வளவுதாம்மா. நீங்க இந்தப் படியிலயே நில்லுங்க.”

மாடிக் கதவுக்குக் குறுக்கே கையை நீட்டிக்கொண்டு நின்றார் தம்பி. அவருக்கும் அறுபத்தாறு வயதாகிறது. அவர் கைக்கு அந்தப் பக்கம், பழைய மண்டபத்தின் நடுவில், அவருடைய அக்கா பெட்டிக்குள் படுத்திருந்தாள். இந்தப் பக்கம் வெளிப்படிக்கட்டு முழுக்கப் பெண்கள். படிக்குக் கீழே முற்றம் முழுக்க, முற்றத்தைத் தாண்டிக் கல்லூரி வாசல் வரைக்கும் பெண்கள்.

முந்தாநாள் காலை பல் தேய்த்துவிட்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்தவள் அப்படியே போய்விட்டாள். யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் போய்ச் சேர்ந்தாள் என்று பேசிக்கொண்டார்கள். உயிரோடு இருந்தபோது அவள் கொடுத்த தொந்தரவுகளை அறிந்தவர்கள் அதைக் கேட்டுச் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள். பதினாறு வருடம் இந்தப் பெண்கள் கல்லூரிக்கு முதல்வர், அதன்பிறகு சாகும்வரை கல்லூரித் தலைவர். அவ்வளவு காலமும் பாதி உயிரைப் பிள்ளைகளுக்கும் பாதி உயிரை இந்தப் பழைய கட்டடத்துக்கும் பங்குபோட்டுக் கொடுத்திருந்தாள். வீட்டுக்கு மிச்சம் மீதி ஏதாவது கிடைத்தால் உண்டு. பழைய மாணவிகள் ஒரே குரலில் கேட்டதால்தான் நிர்வாகம் அவளை இங்கே கொண்டுவந்து வைக்கச் சம்மதித்தது.

மண்டபத்தின் தரை மரத்தரை. ஆறு உத்தரங்கள் அதைத் தாங்குகின்றன. ஐந்தை எஃகு போலச் சரிசெய்தாயிற்று. மூன்றாவது உத்தரத்தின் ஒரு முனை சுவருக்குள் செல்லரித்துக் கிடக்கிறது. அதைத் தொட வேண்டுமானால் வடக்குச் சுவரையே பிரிக்க வேண்டும். அதனால் ஒரு நேரத்தில் அறுபது பேருக்கு மேல் உள்ளே போகக் கூடாது என்று கணக்குப் பார்த்துச் சொன்னவர் தம்பி. அதைப் பலகையில் எழுதிக் கதவருகே மாட்டியவள் அக்கா. பட்டமளிப்பு விழாவுக்கு வந்த பெரிய அதிகாரியையே ஒருமுறை அறுபத்தோராவது ஆள் என்று சொல்லி வெளியே உட்கார வைத்தவள் அவள்.

இன்று அந்த வேலை தம்பி தலையில் விழுந்திருந்தது. சொந்தக்காரர்களில் ஐந்து பேர் மட்டும் உள்ளே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். அந்தக் கணக்கில் தன் பெண்டாட்டி ஆறாவதாக வந்ததால் அவளையும் கீழே அனுப்பிவிட்டார். அவள் முறைத்த முறைப்பு இன்னும் ஒரு மாதத்துக்குச் சோற்றில் தெரியும். பூங்கொத்துகள் குவியத் தொடங்கியதும் அவற்றையும் கீழே இறக்கச் சொன்னார். ஈரப் பூவுக்கும் கனம் உண்டு.

ஒன்பதரை மணிக்குக் கல்லூரிச் செயலாளர் மூச்சிரைக்கப் படியேறி வந்தார். நாற்பது வயதுக்காரர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது, லிஃப்ட் இல்லாத கட்டடத்தைக் கண்டால் மட்டும் அவருக்கு மனசு தாங்காது. இந்த மண்டபத்தின் இடத்தில் எழும்ப வேண்டிய ஆறு மாடியின் வரைபடம் அவர் மேஜை இழுப்பறையில் தயாராக இருக்கிறது என்பது கல்லூரியில் காவல்காரர் வரைக்கும் தெரியும். தலைவர் கண்ணை மூடட்டும் என்று காத்திருந்தார்கள். இப்போது மூடிவிட்டாள்.

“ஐயா, ஆயிரத்துக்கு மேல நிக்கிறாங்க. இப்படி அறுபது அறுபதா விட்டா எப்பய்யா முடியும்? பன்னெண்டுக்கு எடுக்கணும்.”

“ஆமா, எடுக்கணும்.”

“இன்னைக்கு ஒருநாள்தானே. ஒரு நூத்தம்பது பேரா விடுங்களேன். என்ன ஆயிடப் போகுது?”

“தரை சத்தம் போடும். நாலு பொண்ணுங்க அலறுவாங்க. நாளைக்கு நீங்க கமிட்டில என்ன சொல்லுவீங்க?”

செயலாளர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன சொல்வார் என்பது இரண்டு பேருக்கும் தெரியும். ஆபத்தான கட்டடம், அம்மையாரின் இறுதி நாளிலேயே பார்த்தோமே என்பார். அதற்குப் பிறகு பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்ற உத்தரவும் நிற்காது, தடுக்கவும் ஆள் கிடையாது. அக்கா முப்பது வருடம் கட்டிக்காத்தது இன்றைக்கு இரண்டரை மணி நேரத்தில் தன் கையை விட்டுப் போகக்கூடும் என்ற பயத்தில்தான் தம்பி காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் நின்றார்.

உள்ளே இருந்தவர்கள் பின்படி வழியாக இறங்கியதும் அக்காவின் மகள் பெட்டிக்குப் பக்கத்திலிருந்து கையைத் தூக்கினாள். தம்பி மறுபடி ஆரம்பித்தார். சொந்தம் ஐந்து போக, ஆறு, ஏழு, எட்டு.

வாய் எண்ணிக்கொண்டிருந்தாலும் மனசு அதன் பாட்டுக்கு எங்கெங்கோ போயிற்று. அவருக்கு வீட்டில் கடப்பாரை என்று பெயர். வைத்தவள் அக்காதான். பழைய கட்டடங்களை இடித்துத் தள்ளும் ஒப்பந்த வேலை அவருடையது. இந்த மண்டபத்தையும் இடிக்கச் சொல்லி அன்றைய நிர்வாகம் அவரைத்தான் அழைத்தது. அக்கா அப்போது முதல்வராகி மூன்று மாதம்கூட ஆகவில்லை. தம்பி ஒரு வாரம் சுவர்சுவராகத் தட்டிப் பார்த்து, எங்கே அடித்தால் எது விழும் என்று காகிதத்தில் சிவப்புப் பென்சிலால் பதினோரு இடங்களைக் குறித்து வைத்திருந்தார். ஆட்களும் வந்து இறங்கிவிட்டார்கள். வந்து பார்த்தால் மண்டபத்தில் பரீட்சை நடக்கிறது.

அக்கா சத்தம் போடவில்லை, மறியல் செய்யவில்லை. மண்டபத்தைத் தேர்வு மையமாகப் பதிவு செய்துவிட்டாள். பதிவான மையத்தில் எழுத வேண்டியவர் ஒருவர் பாக்கி இருக்கும்வரை அந்த இடத்தைத் தொடக் கூடாது என்று பரீட்சை விதிப் புத்தகத்தில் எங்கோ ஒரு மூலையில் இருந்திருக்கிறது. எல்லாரும் எழுதி முடித்தார்கள், பாஸானார்கள், போனார்கள். ஒரே ஒருத்தி மட்டும் கணக்குப் பாடத்தில் அரியர் வைத்தாள். அடுத்த தடவையும் வைத்தாள். ஏழு தடவை ஃபெயில். மூன்றரை வருடம் அந்த ஒரு பெண்ணுக்காக மண்டபம் நின்றது. அதற்குள் அக்கா ஊரிலுள்ள எல்லா அலுவலகப் படியும் ஏறி இறங்கி, இது பாதுகாக்க வேண்டிய கட்டடம் என்று உத்தரவு வாங்கிவிட்டாள்.

அந்த நாட்களில் தம்பி ஒருநாள் அவள் வீட்டுக்குப் போய் வாசலில் நின்றபடியே கேட்டுவிட்டார்: “ஒரு பொண்ண வேணும்னே ஃபெயிலாக்கி, நாலு செவுத்தக் காப்பாத்துறியே. நீயெல்லாம் ஒரு டீச்சரா?” அக்கா அவரைப் பார்த்தாள். பதில் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பதில் இல்லாததையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார்.

இரண்டு வருடம் பேச்சுவார்த்தை இல்லை. பிறகு உத்தரவு வந்த வாரத்தில் அவளே ஃபோன் செய்தாள். “டேய் கடப்பாரை. அந்தப் பதினோரு எடம் குறிச்ச காகிதம் இருக்கா, கிழிச்சுட்டியா? எடுத்துட்டு வா. எங்க அடிச்சா விழும்னு உனக்குத்தான் தெரியும். அங்கதான் மொதல்ல தாங்கு கொடுக்கணும்.” அவர் போனார். இரண்டு வருடம் அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு இடிக்க வந்த கட்டடத்தை நிமிர்த்தினார். பழைய பேச்சை இருவரும் எடுக்கவே இல்லை. ஆனால் அந்த உறுத்தல் அவருக்கு உள்ளே இருந்துகொண்டேதான் இருந்தது. மூன்றாவது உத்தரம் மாதிரி, வெளியே தெரியாது.

பதினொன்றரை ஆயிற்று. அக்காவின் மகள் கதவருகே வந்தாள்.

“மாமா, நீங்க இன்னும் உள்ளயே வரல. அம்மாவ ஒருதடவ வந்து பாருங்க.”

“நான் வந்தா இங்க யாரு நிக்கிறது?”

“யாரையாவது நிறுத்தலாம் மாமா.”

“யாரையாவதுன்னா? பத்து பேர் அழுதா மனசு எரங்கி எழுபதா விட்டுடுவாங்க. நீ போ, நான் அப்புறம் பாத்துக்கறேன்.”

அப்புறம் என்று ஒன்று இல்லை என்பது அவருக்கும் தெரியும்.

படியில் முதலாவதாக நின்ற பெண் இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஐம்பது வயதிருக்கும். வெயிலில் கறுத்த முகம், நல்ல உரத்த குரல்.

“நீங்க போங்கண்ணே. நான் நிக்கிறேன். பொண்ணுங்களுக்குக் கார் ஓட்டச் சொல்லிக்குடுக்கறவ நான். நிறுத்துன்னா நிறுத்தணும், அழுதாலும் விட மாட்டேன்.”

“எண்ணிக்கை தப்பக் கூடாதும்மா. ஒழுங்கா எண்ணுவீங்களா?”

“கணக்குல ஏழு தடவ ஃபெயில்தான். ஆனா அறுபது வரைக்கும் வரும்ணே.”

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தம்பி சிரிக்கவில்லை. நீட்டியிருந்த கை தானாகக் கீழே இறங்கியது.

“நீதானாம்மா அது?”

“நானேதான். அரியர் ராணின்னு கூப்பிடுவாங்க. என்னாலதான் இந்தக் கட்டடம் நிக்குதுன்னு எங்க செட்டுல இன்னைக்கும் கிண்டல் பண்ணுவாங்க.”

“அக்காதான் உன்ன...” என்று ஆரம்பித்தவர் நிறுத்திக்கொண்டார். முப்பது வருடமாக உள்ளே கிடந்தது வாய்வரை வந்துவிட்டது. “உன்ன பாஸாக விடாம வச்சிருந்தாங்களா?”

அவள் முகம் சட்டென்று மாறியது.

“யாருண்ணே சொன்னது? தினம் சாயங்காலம் அஞ்சு மணிக்கு, இதோ இந்த மண்டபத்துலயே, அந்த ஜன்னல்கிட்ட என்ன ஒக்கார வச்சு அவங்கதான் கணக்கு சொல்லிக்குடுத்தாங்க. மூணரை வருஷம். ஒருநாள் லீவு கெடையாது. வராட்டா வீட்டுக்கே ஆளனுப்புவாங்க. நான் பாஸானா கட்டடம் போயிடும்னு எனக்கு அப்ப தெரியாது. அவங்களுக்குத் தெரியும்ல? ஆனாலும் திட்டித் திட்டிச் சொல்லிக்குடுத்தாங்க. என் மண்டையிலதான் ஏறல. எட்டாவது தடவ எழுதிட்டு வந்தப்ப, இந்தத் தடவ நீ நிச்சயம் பாஸ்னு அவங்களே சொன்னாங்க. மொகமெல்லாம் சிரிப்பு. ரிசல்ட்டுக்கு நாலு நாள் முன்னாடிதான் உத்தரவு வந்துச்சாம். பின்னால யாரோ சொல்லித்தான் எனக்கே தெரியும்.”

தம்பி கதவின் நிலையைப் பிடித்துக்கொண்டார். நாலு நாள். அந்த உத்தரவு வராமல் போயிருந்தால், அவரே ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்திருப்பார். அது தெரிந்தும் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒரு பெண்ணுக்குக் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். ஏன் சொல்லவில்லை? அப்படிக் கேட்டவனுக்கு என்ன சொல்வது என்று நினைத்திருப்பாள்.

“எண்ணும்மா,” என்றார். “நான் உள்ள போறேன். என்னையும் சேத்து எண்ணு.”

“நீங்கதான் அறுபது. போங்க.”

மண்டபத்தில் வெளிச்சம் நிறைய இருந்தது. அவர் பெட்டியருகே போய் நின்றார். மற்றவர்களுக்குக் கிடைத்த அளவு நேரம்தான் தனக்கும் என்று தீர்மானித்துக்கொண்டார். அக்காவின் முகம், நாலு வேலையை முடித்துவிட்டு ஐந்தாவதைப் பற்றி யோசிப்பது போலத்தான் இருந்தது. அவர் அழுதார். மறைக்கவில்லை. தான் எத்தனையோ கட்டடத்தை இடித்திருக்கிறோம், சிலவற்றைக் கட்டியும் இருக்கிறோம், ஒன்றுக்காவது இப்படி ஒருவர் வரிசையில் நின்றதுண்டா என்று நினைத்தார். இவளுக்குத் தம்பியாகப் பிறந்தோமே என்று நெஞ்சு நிமிர்ந்தது. மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. கேட்டிருந்தாலும், போய் வேலையைப் பாருடா என்றுதான் அவள் சொல்லியிருப்பாள்.

பன்னிரண்டு மணிக்கு எடுத்தார்கள். தூக்குவதற்கு ஆறு பழைய மாணவிகள் வந்தார்கள். தம்பி முன்னால் நடந்தார்.

“என் காலப் பாத்து நடங்கம்மா. நான் மிதிக்கிற எடம் உத்தரம். எல்லாரும் ஒரே மாதிரி அடி எடுத்து வைக்காதீங்க, முன்னபின்ன வைங்க. அவசரமே இல்ல.”

அந்தத் தரையின் அடியில் எது எங்கே ஓடுகிறதென்று அவருக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். தரையிலிருந்து ஒரு முனகல்கூட வரவில்லை. படியில் நின்றவர்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டு வழிவிட்டார்கள்.

முற்றத்தில் நின்ற வண்டியில் பெட்டியை ஏற்றிவிட்டு, அவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அக்காவின் மகள் அவர் தோளில் சாய்ந்துகொண்டாள். வண்டி கிளம்பவில்லை. வாசலில் கூட்டம் விலக நேரமாயிற்று.

இன்னும் முறை வராத நூற்றுச் சொச்சம் பெண்கள் வரிசையைவிட்டு நகராமலேயே நின்றார்கள். செயலாளர் பூட்டும் சாவியுமாகப் படியேறினார்.

“அதான் எடுத்தாச்சேம்மா. மண்டபத்தப் பூட்டணும், கெளம்புங்க.”

“இருக்கட்டும் சார்,” என்றது வரிசையிலிருந்து ஒரு குரல். “அவங்களத்தான் பாக்க முடியல. மண்டபத்தையாவது பாத்துட்டுப் போறோம்.”

கதவருகே நின்ற கார் பயிற்சிக்காரி அறுபது பேரை எண்ணி உள்ளே விட்டுவிட்டுக் கையைக் குறுக்கே நீட்டினாள்.

“சார், உள்ள அறுபது இருக்கு. எடமில்ல. வரிசைல நில்லுங்க.”

“அம்மா, நான் செக்ரட்டரி.”

“சரிங்க சார். நில்லுங்க.”

வண்டி மெல்ல நகர்ந்தது. தம்பி ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தார். செயலாளர் கையில் பூட்டோடு நடுப்படியில் நின்றிருந்தார். அவருக்கு முன்னால் பதினான்கு பெண்கள் இருந்தார்கள்.