நாற்பத்து மூன்றுக்குப் பதில் இல்லை

திருத்தங்கலுக்குக் கிழக்கே இருந்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் தினவருகைத் தாளில் நம்பர் மட்டும்தான். எந்த நம்பர் யார் என்பது ஆள் பதிவேட்டில் இருக்கும். ஒரு மாதம் வராவிட்டால் நம்பரை அடித்துவிடுவார்கள். அதனால் பிரசவத்துக்குப் படுத்தவள் தங்கையையோ நாத்தனாரையோ தன் நம்பரில் அனுப்புவாள். பதிவேட்டை யாரும் திருத்துவதில்லை.

சண்முகத்தாய் பிள்ளை பெற்றதிலிருந்து இருபது நாளாக அவள் தங்கை வெள்ளைத்தாய்தான் நாற்பத்து மூன்று.

"யாரு உருட்டினா என்னத்தா, வெடிச்சாச் சரி" என்று சொல்லித்தான் கணக்கப்பிள்ளை மாரிசாமி நம்பர் பொறித்த தகர வில்லையைக் கொடுப்பார்.

1963 சித்திரையில் ஒரு முற்பகல், மருந்து அறை வெடித்தது. மூன்று பிணங்களை ஓலைப்பாயில் கிடத்தினார்கள். எதற்கும் முகம் இல்லை. விசாரிக்க வந்த அதிகாரி அன்றைய நம்பர்களை ஒவ்வொன்றாகப் படிக்க, மாரிசாமி பதிவேட்டில் தேடிப் பெயரைக் கூப்பிட்டார்.

"நாப்பத்தி மூணு. சண்முகத்தாய்."

கைப்பிள்ளையோடு ஓடி வந்து கேட்டில் நின்றவள், பழக்கத்தில் "இருக்கேன்" என்றாள்.

கடைசியில் பதில் வராத நம்பர் இரண்டு. பிணம் மூன்று.

மூன்றாவது பிணத்தின் இடது காலில் ஆறு விரல் இருந்தது. சண்முகத்தாய் அதன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"இவ எந் தங்கச்சி ஐயா, வெள்ளைத்தாய். நாந்தான் அனுப்பிச்சேன்."

மாரிசாமி பதிவேட்டைப் புரட்டினார். "அப்படி ஒரு பேரு இங்கன இல்லைங்க."

"காலையில வில்லை குடுத்தது நீகதானே?"

அவர் மறுபடி பக்கத்தைப் புரட்டினார்.

"பதிவேட்டுல இல்லாத ஆளை நான் எழுத முடியாதும்மா" என்றார் அதிகாரி. "பேர் தெரியாத பிணம்னு முனிசிபாலிட்டியில பொதைச்சிருவாங்க."

அவர் தண்ணீர் குடிக்கப் போனதும் மாரிசாமி குனிந்தார். "நீ பதில் சொன்னதுதான் தப்பாப் போச்சு, தாயி. மறுபடி கூப்பிடுறேன். வாயைத் தெறக்காத. அவளையாச்சும் வீட்டுக்குக் கொண்டு போவே."

எண்ணிக்கை ஒத்து வராததால் அதிகாரி மறுபடி படித்தார்.

"நாப்பத்தி மூணு. சண்முகத்தாய்."

பிள்ளை அழுதது. அவள் அதை மார்போடு அமுக்கிக்கொண்டாள்.

"சண்முகத்தாய்."

அதிகாரி அவளை நிமிர்ந்து பார்க்காமல் நம்பரைச் சுழித்தார். மூன்றுக்கு மூன்று.

"பிணத்தை எடுக்கிறது யாரு? என்ன உறவு?"

"தங்கச்சி."

"பேர்?"

"வெள்ளைத்தாய்" என்று சொல்லிப் பெருவிரலை மையில் வைத்தாள்.

ஆடியில் வேலைக்குத் திரும்பினாள். மாரிசாமி பதிவேட்டில் புதிதாக ஒரு வரி எழுதினார்: அறுபத்து இரண்டு, வெள்ளைத்தாய். அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால், முதல் சில நாட்கள் அவள் திரும்பிப் பார்க்கவில்லை.