சிவப்பு முள்

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எபனேசர் தேனியிலிருந்து குமுளிக்கு வண்டியை எடுப்பார். குமுளியில் அவருக்கு எந்த வேலையும் இல்லை. லோயர்கேம்ப் தாண்டி மலை ஏறும்போது இன்ஜினுக்குள் காற்றைத் தள்ளும் டர்போ எவ்வளவு அழுத்தம் கொடுக்கிறது என்று பார்ப்பதுதான் வேலை.

ஸ்டியரிங் பக்கத்தில் அந்த அழுத்தத்தைக் காட்டும் மீட்டரைப் பொருத்தியவள் மகள் ஷெரின். ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் படித்தவள். இப்போது ஜெர்மனியில் இருக்கிறாள். மீட்டரில் இரண்டு முட்கள். கறுப்பு முள் ஏறி இறங்கும். சிவப்பு முள், கையால் இறக்கிவிடும்வரை ஏறின உச்சத்திலேயே நின்றுகொள்ளும்.

"கம்பெனியில இருந்து வந்த மாதிரியே இருக்கிற இன்ஜின்ப்பா. அதுக்கு ஒன்னு புள்ளி மூணுதான் அளவு. குறைஞ்சா ஹோஸ் கழண்டிருக்கும், பயமில்ல. கூடுனா இன்ஜினே போயிரும். வாராவாரம் போட்டோ அனுப்பு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அனுப்பினார். முதல் வருடம் ஒருமுறை முள் பாதிக்கு மேல் ஏறவில்லை. அந்த நிமிடமே கூப்பிட்டாள். பானட்டைத் திறக்கச் சொல்லி, போனை உள்ளே காட்டச் சொல்லி, ஹோஸை மாட்டிய பிறகும் பேசிக்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத வீட்டில் தூக்கம் வருகிறதா என்று கேட்டாள்.

அதன்பின் முள் ஒன்று புள்ளி மூன்றிலேயே நின்றது. பதிலுக்குக் கட்டைவிரல் படம் மட்டும் வந்தது.

போன சனிக்கிழமை உத்தமபாளையத்தில் சலீமின் ஒர்க்‌ஷாப்பில் வண்டியை நிறுத்தினார்.

"ஒன்னு புள்ளி ஆறுக்கு ஏத்திவிடு சலீமு."

"எதுக்கு அண்ணாச்சி? ரேசுக்குப் போறீகளா?"

"மலையில திணறுது."

"திணறுறது வண்டியா, நீகளா?" சலீம் சிரித்தான். பிறகு சிரிப்பை நிறுத்தினான். "உள்ள ஒன்னும் மாத்தாத இன்ஜின். ஹெட் கேஸ்கெட் போயிரும். பிஸ்டன் ஓட்டையாகும். பாப்பாவுக்குத் தெரிஞ்சா வையும்."

"வையட்டும்."

சலீம் அவர் முகத்தைப் பார்த்தான். டர்போவை ஒட்டியிருந்த கம்பியின் நட்டைத் திருகினான்.

"ஒரே ஒரு ஏத்தம். அம்புட்டுத்தான்."

மறுநாள், மின் நிலையத்துக் குழாய்கள் தெரியும் வளைவைத் தாண்டியதும் மிதித்தார். வண்டி பாய்ந்தது. பானட்டுக்குள் இதுவரை கேட்டறியாத ஒரு சீழ்க்கை. முள் ஒன்று நான்கைத் தாண்டியது. ஒன்று ஐந்து. காலை எடுக்கவில்லை. ஒன்று ஆறு.

ஓரங்கட்டி, சிவப்பு முள்ளைப் போட்டோ எடுத்தார். படம் ஆடாமல் விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டு அனுப்பினார். போனைக் கையிலேயே வைத்திருந்தார். கேரளா பஸ் ஒன்று இறங்கிப் போனது. இரண்டு டிக்கும் நீலமாயின.

கட்டைவிரல் வந்தது.

இன்னொரு தடவை பெரிதாக்கிப் பார்ப்பாளோ என்று கொஞ்ச நேரம் இருந்தார். பிறகு குமுளிக்குப் போகாமல் வண்டியைத் திருப்பினார்.

சலீமுக்கு வெள்ளிதான் லீவு. ஞாயிறும் கடை திறந்திருந்தது.

"இறக்கி வச்சிரு."

"பாப்பா வஞ்சிருச்சா?"

எபனேசர் பானட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"ஒரு மணி நேரம்" என்றார். "போனை வைக்கவே மாட்டேன்னுருச்சு."