கதவைச் சாத்திவிட்டுக் கேட்ட கேள்வி

"குடிம்மா, என் கண்ணு. ஆறிடப் போவுது."

மாமியார் தன் கையாலேயே டீ கொண்டுவந்து நீட்டினாள். ஒரு வாய் குடித்ததுமே மூத்த மருமகள் கோப்பையை விலக்கிப் பார்த்தாள். டீயில் சர்க்கரை! அவள் கணவன் செத்த அன்றோடு சர்க்கரையை நிறுத்திய கை அது. "புருஷன் போனவளுக்கு நாக்கு ருசி என்ன வேண்டிக் கிடக்கு?" என்று வீட்டுக்குள் சொன்னவள், வெளியாட்களிடம் மட்டும், "அவளுக்குச் சர்க்கரை ஆகாது" என்று மாற்றிச் சொல்லிவந்தாள். இன்றைக்கு ஆகுமாம். இன்றைக்குக் கையெழுத்து வேண்டுமே!

வீட்டில் மாடி அவள் கணவனின் பங்கு. ஜன்னலோரம் தையல் மிஷினைப் போட்டு அவள் பிழைப்பதும் அங்கேதான். அதைக் கொழுந்தனுக்கு விட்டுக்கொடுப்பதாகப் பதிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்கப்புறம் அவளுக்கு மாடிப்படிக்கு அடியில் இடம். ஒண்டிக்கட்டைக்கு அது போதாதா என்று வீட்டில் எல்லோரும் கூடிப் பேசி முடித்துவிட்டார்கள். அவளைத் தவிர எல்லோரும்.

கொழுந்தன் பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். "ஒண்ணும் பயப்படாதீங்க அண்ணி. என் சகலை அங்கதான் வேலை பாக்கறான். போனதும் முடிச்சுடலாம்." குத்திய குச்சியை அவள் டீ கோப்பையின் தட்டிலேயே போட்டுவிட்டுப் போனான். அவள் கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

அலுவலகத்தில் சகலை நாற்காலியைவிட்டு எழுந்துகூட வரவில்லை. "சொந்தக்காரங்க விஷயத்தை நான் தொட்டா என் வேலை போயிடும். வரிசையில உக்காருங்க" என்று சொல்லிவிட்டான். கொழுந்தன் முகத்தில் ஈயாடவில்லை. அவர்களுக்கு முன்னால், பளபளக்கும் ஷூ போட்ட ஒருவர் தன் கிழ அப்பாவோடு உள்ளே போனார். போன வேகத்தில் ஷூக்காரரை மட்டும் வெளியே அனுப்பிவிட்டார்கள். யார் யாருக்கோ போன் போட்டுப் பார்த்தார். கதவு திறக்கவில்லை.

அவள் முறை வந்தது. மாமியாரும் கொழுந்தனும் ஆளுக்கொரு பக்கம் நின்றார்கள். அதிகாரி அம்மாவுக்குச் சளி. மூக்கை உறிஞ்சிக்கொண்டே காகிதத்தைப் பார்த்தாள்.

"எழுதிக் கொடுக்கறவங்க மட்டும் இருங்க. மத்தவங்க வெளிய போங்க."

"அவ வாயில்லாப் பூச்சிங்க. எதுவா இருந்தாலும் நான்தான் பதில் சொல்றது" என்றாள் மாமியார்.

"எல்லாருக்கும் ஒரே சட்டம்தான். வெளிய போங்க."

கதவு சாத்தப்பட்டது.

"யாராவது மிரட்டியோ ஏமாத்தியோ கூட்டிட்டு வந்தாங்களா? உங்களுக்கு முழு சம்மதமா?" வருகிறவர்களிடமெல்லாம் கேட்டுக் கேட்டுத் தேய்ந்துபோன குரல். அன்பும் இல்லை, இரக்கமும் இல்லை.

"என்னையா கேக்கறீங்க?"

"இங்க வேற யாரு இருக்கா?"

இப்படிப்பட்ட அலுவலகங்களை ஊரே திட்டுகிறது. முகம் பார்க்கமாட்டார்கள், மனுஷத்தன்மை கிடையாது, எதற்கெடுத்தாலும் சட்டம் பேசுவார்கள் என்று. திட்டட்டும். முகம் பார்த்து, தலையை வருடி, கண்ணு என்று கூப்பிட்டவர்களின் லட்சணம்தான் தெரிந்துபோயிற்றே, தூ! அவளையும் ஓர் ஆளாக வைத்து அவள் வாயால் பதில் கேட்க, மூக்கை உறிஞ்சும் ஓர் அதிகாரியும் யாருக்கும் வளையாத ஒரு விதியும் வேண்டியிருந்தது.

"சம்மதமில்லைங்க" என்றாள்.

அதிகாரி அம்மா நிமிரக்கூட இல்லை. "சரி, பதிவு கிடையாது. அடுத்தவங்களை வரச் சொல்லுங்க."

வெளியே மாமியார் ஓடிவந்து கையைப் பிடித்தாள். "முடிஞ்சுதா, கண்ணு?"

"முடிஞ்சுது அத்தை. சம்மதமில்லைன்னு சொல்லிட்டேன்."

கொழுந்தன் வாயைப் பிளந்தான். மாமியார் மார்பில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! பெத்த பொண்ணாட்டம் பாத்துக்கிட்டோமே! வீட்டு விஷயத்தை ஆபீஸ்ல வந்து சொல்லுவியா?"

"என்னை ஆபீசுக்குக் கூட்டிட்டு வந்தது நீங்கதானே அத்தை?"

பிடித்த கையை விடுவித்துக்கொண்டு நேரே வாசலில் இருந்த டீக்கடைக்குப் போனாள்.

"ஒரு டீ. சர்க்கரை தூக்கலா."

"அவளுக்குச் சர்க்கரை ஆகாது!" பின்னாலேயே வந்த மாமியாரின் வாய், பழக்கதோஷத்தில் முந்திக்கொண்டது.

டீக்கடைக்காரர் கரண்டியை நிறுத்தி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"கேட்டது நான்தானே?" என்றாள் மருமகள். "நீங்க போடுங்க."