தூர்ந்துபோன ஓடை

நான்கு வருடமாகப் படகுக்காரி அந்த ஓடைப் பக்கம் துடுப்பைத் திருப்பியதே இல்லை. சதுப்பில் நண்டு பிடிக்கப் போன அவள் புருஷன் அங்கேதான் இடுப்பளவு சேற்றில் சிக்கினான். ஆட்கள் போய்ச் சேர்வதற்குள் கடல் ஏறிவிட்டது. இரண்டு நாள் தேடினார்கள், உடம்பு கிடைக்கவில்லை.

அதன்பிறகு அவனுடைய படகிலேயே வெளியூர்க்காரர்களை ஏற்றிச் சுற்றிக் காட்டிப் பிழைத்தாள். பார்க்கப் பார்க்க அலுக்காத இடம்தான். கடல் உள்ளே ஏறும்போது புல்நுனி மட்டும் தண்ணீருக்கு மேலே தெரியும். வடிந்ததும் சின்னதும் பெரியதுமாக நூறு ஓடைகள் கிளைபிரிந்து கிடக்கும். சேறு முழுக்க உள்ளான் பறவைக் கூட்டம் இறங்கிவிடும்.

"குடுத்து வச்சவங்க நீங்க" என்பார்கள்.

"ஆமாங்க" என்று மட்டும் சொல்வாள்.

அன்று ஏறியவர் புது மேப் போட வந்த சர்வேயர். போகவேண்டிய இடம் என்று அவர் அந்த ஓடையைச் சொன்னதும் துடுப்பைக் கீழே வைத்துவிட்டாள்.

"அது வேணாம் சார். ஆளை முழுங்குற ஓடை."

"இப்ப அங்க ஓடையே இல்லைங்கறாங்கம்மா. அதைத்தான் பாக்கணும்."

"ஓடைக்குக் காலா முளைச்சிருக்கு, எந்திரிச்சுப் போக?"

போய்ப் பார்த்தால், போய்த்தான் இருந்தது. வண்டல் படிந்து மேடாகி, இடுப்புயரப் புல் மண்டிக் கிடந்தது. சர்வேயர் இறங்கிக் கம்பை ஊன்றினார். ஒரு சாண்கூட இறங்கவில்லை.

"கெட்டித் தரைதான். பயப்படாம வாங்கம்மா."

இறங்கினாள். அவன் சிக்கியது ஓடை வளைவுக்குப் பக்கத்தில் என்றுதான் தேடப் போனவர்கள் சொல்லியிருந்தார்கள். வளைவையே காணோம். 'நாசமாப் போற ஓடை' என்று தினமும் திட்டித்தான் இத்தனை நாள் மனசை ஆற்றிக்கொண்டிருந்தாள். இனி எதைத் திட்டுவது?

"எங்க வீட்டுக்காரர் இங்கதான் சார் போனாரு."

சர்வேயர் பையிலிருந்து மேப்பை எடுத்து விரித்தார். "எந்த இடம்னு காட்டுங்கம்மா, குறிச்சு வைக்கிறேன்" என்றார்.

அவள் நாலாபக்கமும் பார்த்தாள். "தெரியலையே சார்."

புல்லுக்குள் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். அவர் தள்ளிப்போய் நின்றுகொண்டார். தண்ணீர் ஏறத் தொடங்கியதும் அவளே எழுந்து, "ஏறுங்க சார், நேரமாச்சு" என்றாள்.

திரும்பும்போது அவளாகவே பேசினாள்: நண்டு பிடிப்பதில் அவனுடைய கைராசி, அவன் போடும் மொக்கை ஜோக்குகள், கோபம் வந்தால் சாப்பிடாமல் இதே படகில் வந்து படுத்துக்கொள்வது.