சொல்லாத வாக்கியத்தின் அயற்கூற்று

அந்தப் பிப்ரவரி முழுக்க விதின் ஊரில் காற்று நிற்கவே இல்லை. டான்யூப் ஆற்றின் மேலிருந்து வந்து, நூலக மாடியில் நான் ஆங்கில வகுப்பு நடத்தும் அறையின் ஜன்னல்களைப் பிடித்து ஆட்டிக்கொண்டே இருந்தது. மாலை ஆறு மணிக்குப் பதினோரு பேர் வருவார்கள். எல்லாரும் வெளிநாட்டு வேலைக்காக ஊரைவிட்டுப் போகிறவர்கள். மார்ச் கடைசியில் தலைநகர் சோஃபியாவில் ஆங்கிலப் பரீட்சை. ஒருவராலும் நாற்காலியில் நிலையாக உட்கார முடியவில்லை. என்னாலும்தான்.

அவர்களில் ஒரு தம்பதி, டாரினாவும் கமெனும். டாரினா நர்ஸ். கமென் டவுன் பஸ் ஓட்டுகிறவன். அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை தயாராக இருந்தது. கமெனும் கூடப் போய், கிடைக்கிற வேலையைப் பார்த்துக்கொள்வதாகப் பேச்சு. வகுப்பிலேயே நன்றாகப் படிப்பவள் அவள்தான். ஆனால் அவளுக்கும் சேர்த்து அவனே பேசிவிடுவான். "டாரிக்கு இன்னிக்குத் தலவலி, டீச்சர்." "டாரி அதை வீட்லயே எழுதிட்டா." அவள் பேனா மூடியைத் திறப்பதும் மூடுவதுமாக இருப்பாள். அவனுக்குப் பாசம் அதிகம் என்றுதான் நான் நினைத்திருந்தேன்.

அன்றைய பாடம் நேர்கூற்றை அயற்கூற்றாக மாற்றுவது. எங்கள் ஆட்களுக்கு இது வேப்பங்காய். எங்கள் பேச்சில், பிறர் சொல்லிக் கேட்டதென்றால் வினையின் வாலில் ஒரு 'ஆம்' போட்டால் முடிந்தது: வந்தானாம், போனாளாம். ஆங்கிலம் அவ்வளவு லேசில் விடாது. 'நான்' என்பது 'அவள்' ஆக வேண்டும். காலம் ஒரு படி பின்னால் போக வேண்டும். 'நாளை' என்பது 'மறுநாள்' ஆக வேண்டும்.

"ஒருத்தன் சொன்னது பொய்யா இருந்தா?" என்று கேட்டான் யோர்டான். தபால்காரன், எங்கள் வகுப்பின் வாய்.

"பொய்க்குத் தனி ரூல் கிடையாது. இதேதான்."

"அப்ப நம்ம மந்திரிங்க பரீட்சையே எழுத வேணாம், டீச்சர்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு அடங்குமுன் பயிற்சியைக் கொடுத்தேன். பக்கத்தில் இருப்பவர் இந்த வாரம் யாரிடமாவது சொன்ன ஏதாவது ஒன்றை அயற்கூற்றில் சொல்ல வேண்டும். கமென்தான் முதலில் கை தூக்கினான். எழுந்து நின்று, ஒரு பிழை இல்லாமல் ஆங்கிலத்தில் சொன்னான்: தானும் தன் கணவனும் ஏப்ரல் பதினைந்தாம் தேதி வந்துவிடுவதாக டாரினா முதியோர் இல்லத்து மேனேஜரிடம் தெரிவித்தாள்.

அவன் இவ்வளவு நீளமான வாக்கியம் சொல்லி நான் கேட்டதில்லை. கைதட்டினேன்.

"நான் அப்படிச் சொல்லல," என்றாள் டாரினா, எங்கள் மொழியிலேயே.

"செவ்வாக்கிழமை போன் வந்துச்சே, மறந்துட்டியா?"

"போனை எடுத்தது நீ. நான் டூட்டில இருந்தேன்."

"சரி, நீ என்ன சொல்லுவியோ அதைத்தானே நான் சொன்னேன். ரெண்டும் ஒண்ணுதான?"

யோர்டான் நோட்டைப் பார்க்கக் குனிந்தான்.

அங்கேயே நான் அடுத்தவரைக் கூப்பிட்டிருக்க வேண்டும். வாத்தியார் புத்தி விடவில்லை. "அயற்கூற்றுன்னா அதுக்குப் பின்னால ஒரு நேர்கூற்று இருந்தாகணும். டாரினா, நீங்க எடுத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்களோ, அதை போர்டுல எழுதுங்க," என்றேன்.

அவள் வந்தாள். 'டாரினா சொன்னாள்' என்று ஆங்கிலத்தில் எழுதி, காற்புள்ளி வைத்து, மேற்கோள் குறியைத் திறந்தாள். அப்படியே நின்றாள். ஜன்னல் அதிர்ந்தது. யாரோ இருமினார்கள். பிறகு கையெழுத்து சாயாமல் எழுதினாள்: 'நான் வருவேன். தனியாக வருவேன்.' மேற்கோள் குறியை மூடினாள்.

"தமாஷ் பண்றா," என்றான் கமென், எங்கள் எல்லாரையும் பார்த்து.

"தமாஷ் இல்ல, கமென். வீட்ல மூணு தடவை ஆரம்பிச்சேன். மூணு தடவையும் மீதியை நீயே சொல்லி முடிச்சிட்ட."

"அதுக்காக இங்கயா? இத்தனை பேர் முன்னாடியா?"

"இங்கதான் நீ கை தூக்கிட்டுப் பேசற."

கமென் உட்காரவும் இல்லை, போகவும் இல்லை. மேசை விளிம்பைத் தடவியபடி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, ஏன் அப்படிச் செய்தானோ, வேறு என்ன செய்வதென்று தெரியவில்லையோ என்னவோ, ஒவ்வொரு சொல்லாக ஆங்கிலத்தில் மாற்றத் தொடங்கினான். தான் தனியாக வருவதாக அவள் சொன்னாள். வினையின் காலத்தைச் சரியாக ஒரு படி பின்னுக்குத் தள்ளியிருந்தான். முடித்துவிட்டு என்னைப் பார்த்தான். கோட்டை எடுத்துக்கொண்டு இறங்கிப்போனான். மரப்படிகளில் அவன் காலடி கடைசிவரை கேட்டது.

"அழிச்சிடட்டுமா, டீச்சர்?" என்றாள் டாரினா.

நானே அழித்தேன். இருபது நிமிடம் முன்னதாகவே எல்லாரையும் அனுப்பிவிட்டு, வீட்டுக்குப் போகாமல் ஆற்றங்கரையில் காற்று முகத்தில் அறைய நடந்தேன். இரண்டு தடவை அவள் எண்ணைப் போனில் எடுத்தேன், கூப்பிடவில்லை.

அடுத்த வகுப்புக்கு இருவருமே வரமாட்டார்கள் என்று நினைத்தேன். இருவரும் வந்தார்கள். அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவன் யோர்டானுக்குப் பக்கத்தில். கமென் தன் அண்ணன் வீட்டில் தங்கியிருப்பதாக யோர்டான்தான் சொன்னான். பரீட்சைக்கு ஒரே பஸ்ஸில் போனார்கள், அவன் முன்னால், அவள் கடைசி வரிசையில். அவள் தேறினாள். அவனுக்கு நான்கு மதிப்பெண் குறைந்தது. ஏப்ரல் பன்னிரண்டாம் தேதி அவள் ஒரே ஒரு பெட்டியுடன் கிளம்பினாள்.

ஜூனில் சந்தையில் கமெனைப் பார்த்தேன். செர்ரிக் குவியலின் முன் நின்று, வெடித்த பழங்களை ஒதுக்கிக்கொண்டிருந்தான்.

"போன் பண்றாளா, டீச்சர்?"

"ஞாயித்துக்கிழமை பண்ணினா. வேலை பழகிடுச்சு. மழைதான் பிடிக்கலயாம்."

"என்னைப் பத்தி ஏதாவது கேட்டாளா?"

ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்தது. "கேக்கல, கமென்."

தலையை ஆட்டினான். இன்னும் இரண்டு பழங்களை ஒதுக்கினான்.

"செப்டம்பர்ல கிளாஸ் உண்டுல்ல? என் பேரையும் எழுதிக்குங்க."

"எந்த ஊருக்குப் போகப் போறீங்க?"

"அதெல்லாம் இன்னும் தெரியாது. இங்க ஒரு இடத்துல உக்கார முடியல, டீச்சர்," என்று சொல்லி, பையை நிறுக்கக் கொடுத்தான்.