ஒற்றைக் கையால் விரியும் பிச்சாத்தி

இரண்டாயிரத்துப் பதினொன்றாம் ஆண்டு சனவரித் திங்களில் என் அத்தான் சூசையின் இடக்கை, படகில் கயிறு இழுக்கும் விஞ்சு எந்திரத்தில் சிக்கியது. நெய்யூர் ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். ஆயினும் அக்கையின் விரல்கள் அதன்பின் மடங்க மறுத்துவிட்டன. மறைமாவட்ட ஆயர் ஆசி வழங்கும் கோலத்தில் அவை எந்நேரமும் விரிந்தே இருந்தன. மீன் ஏலம் நடக்கும் இடத்தில் அவரைக் கண்டால் இளைஞர்கள் தலை குனிந்து நின்றார்கள். அத்தானும் சளைக்காமல் ஆசி கொடுத்தார்.

விரல்களுக்காக அவர் வருந்தவில்லை. அவருடைய வருத்தம் வேறு. அவர் இருபத்தெட்டு ஆண்டுகள் ஆழ்கடல் தூண்டில் தொழிலில் இருந்தவர். அவர் வேலை செய்த படகைச் செலுத்துபவர் ஸ்ராங்கு சத்தியநேசன். படகில் யார் ஏறலாம், யார் ஏறக்கூடாது என்பதை முடிவு செய்பவரும் அவரே. அவர் ஒரு விதி வைத்திருந்தார். தூண்டில் கயிறு கடலுக்குள் ஓடும்போது அதன் வளையம் ஒருவன் காலில் விழுந்தால், கயிறு அவனையும் உடன் அழைத்துச் செல்லும். மற்றவர் வந்து சேரும்வரை அது காத்திருக்காது. எனவே ஒவ்வொருவரும் தம்மைத் தாமே அறுத்து விடுவித்துக்கொள்ளக் கத்தி வைத்திருத்தல் வேண்டும். ஆனால் இடுப்பில் உறையோடு கத்தி செருகுவதை ஸ்ராங்கு அனுமதிப்பதில்லை. முன்பொரு முறை அலையில் சறுக்கி விழுந்த ஒருவரின் தொடையில் அவருடைய கத்தியே இறங்கியிருந்தது. ஆகவே மடக்குக் கத்தி மட்டுமே. எங்கள் பக்கத்தில் அதை மடக்குப் பிச்சாத்தி என்போம். அதைத் திறக்க ஒரு கை பிடியைப் பற்ற வேண்டும். மற்றொரு கை அலகை இழுக்க வேண்டும். அத்தானிடம் பற்றும் கை ஒன்றுதான் இருந்தது.

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் ஸ்ராங்கு வீட்டுக்கு வந்தார். அத்தான் தம் திறமையைக் காட்ட விரும்பி, பிடியை வலக்கையில் வைத்துக்கொண்டு அலகைப் பல்லால் கடித்து இழுத்தார். கத்தி திறக்கவில்லை. மேல்வரிசைப் பல்செட்டு கத்தியோடு வெளியே வந்துவிட்டது. ஸ்ராங்கு அதைப் பார்க்காதவரைப் போலச் சுவரில் இருந்த நாட்காட்டியை நோக்கிப் பேசினார்.

"ஓய் சூசை, ஒத்தக் கையால பிச்சாத்திய திறந்து காட்டும். போட்டுல உமக்க எடம் உமக்குத்தான். இல்லெங்கி இந்த வருசம் கரையில இரும்."

எங்கள் மேற்குக் கடற்கரையில் சூன் நடுவில் தொடங்கும் மீன்பிடித் தடைக்காலம் சூலை இறுதியில் முடியும். அதன்பின் படகு புறப்படும். அதுவே அத்தானுக்குக் கொடுக்கப்பட்ட தவணை.

அவர் கடலுக்குப் போக வேண்டும் என்பதில் அவரைவிட அவர் மனைவியான என் தமக்கை வியாகுலம்மாளுக்கே ஆர்வம் மிகுதி. அத்தான் கரையில் இருந்த மாதங்களில் அடுக்களையில் உப்புச் சாடியின் இடம் நான்கு முறை மாற்றப்பட்டிருந்தது. மீன்குழம்பில் புளியின் அளவு குறித்து நாள்தோறும் அறிவுரை வழங்கப்பட்டது. இவற்றை அக்காள் சிரித்தபடியே பொறுத்துக்கொண்டார். ஆனால் சத்தியநேசனின் படகு திரும்பும் நாட்களில் அத்தான் வீட்டைவிட்டு வெளியே வருவதில்லை என்பதையும், அன்று புளியைப் பற்றி அவர் எதுவும் சொல்வதில்லை என்பதையும் அக்காள் கவனித்திருந்தார். அதைப் பொறுக்க அவரால் இயலவில்லை. வெளிநாட்டில் ஒற்றைக் கையால் திறக்கும் கத்திகள் விற்கப்படுவதாக யாரோ சொல்லக் கேட்டு, அதைத் தேடும் பொறுப்பை என்னிடம் ஒப்படைத்தார். நாற்பத்திரண்டாம் வயதில் தனித்தேர்வராகப் பன்னிரண்டாம் வகுப்பில் தேறியதிலிருந்து எங்கள் தெருவின் எழுத்து வேலைகள் அனைத்தும் என்னிடமே வருவது வழக்கம்.

நானும் அத்தானும் கருங்கல் என்னும் ஊரில் உள்ள பிரவுசிங் சென்டருக்குச் சென்றோம். அதை நடத்தும் லிஜா என்னும் பெண், மலையேறுவோருக்கும் காட்டில் தங்குவோருக்கும் கத்தி விற்கும் அயல்நாட்டு நிறுவனம் ஒன்றின் பக்கத்தைத் திறந்து காட்டினாள். முதலில் வந்தது பதினாறு கருவிகள் அடங்கிய கத்தி. அதில் கரண்டி, ரம்பம், பல்குத்தி ஆகியவை இருந்தன. இது சமையல்காரனுக்கு ஆகும் என்று அத்தான் அதைத் தள்ளினார். அடுத்த கத்தியைப் படத்தில் பனிமலை உச்சியில் ஒருவர் ஏந்தி நின்றார். அவ்விடத்தில் மீன் உண்டா என்று அத்தான் வினவினார். இல்லை என்றறிந்ததும் அந்த மனிதர்மீது அவருக்கு இருந்த மதிப்புக் குறைந்தது.

இறுதியில் இரண்டு கத்திகள் எஞ்சின. ஒன்று, பொத்தானை அழுத்தினால் உள்ளிருக்கும் சுருள்வில் அலகைத் தானே வெளியே தள்ளுவது. மற்றொன்று, அலகில் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு ஒரு துளை உடையது. அத்துளையில் விரலை வைத்துத் தள்ளித் திறக்க வேண்டும். வில் வைத்த கத்தி சுங்கத்தில் பிடிபடும் என்றும், தனக்குத் தெரிந்த ஒருவருக்கு அவ்வாறு நேர்ந்தது என்றும் லிஜா எச்சரித்தாள். அத்தான் அதைச் செவிமடுக்கவில்லை. அவர் துளையுள்ள கத்தியைச் சுட்டிக்காட்டி என்னிடம் முறையிட்டார்.

"ஓட்ட விழுந்த பிச்சாத்திக்கா மச்சினா இந்த வெல?"

நானும் பொத்தான் கத்தியின் பக்கமே நின்றேன் என்பதை இவ்விடத்தில் ஒப்புக்கொள்கிறேன். பஹ்ரைனில் பணிபுரியும் அத்தானின் மகன் ரெஜின் அங்கிருந்தே பணம் கட்டி, பொருள் நேரே எங்கள் வீட்டுக்கு வருமாறு ஏற்பாடு செய்தான்.

மே மாத இறுதியில் கத்திக்குப் பதிலாகச் சுங்கத்துறையின் கடிதம் வந்தது. பொட்டலத்தில் உள்ள கத்தி எத்தகையது, எதற்குப் பயன்படுவது, வில்லினால் திறப்பதா என்பவற்றை எழுத்தில் தெரிவிக்குமாறு கேட்டிருந்தார்கள். தெருவே கூடி ஆலோசனை சொன்னது. பழம் நறுக்கும் கத்தி என்று எழுதினால் போதும், வில்லைப் பற்றி வாய் திறக்க வேண்டாம் என்பது பெரும்பான்மையோரின் கருத்து. நானும் அவ்வாறே ஒரு படி எழுதி முடித்தேன்.

எங்கள் கடற்கரையில் பள்ளிச் சேர்க்கை முதல் கடன் விண்ணப்பம் வரை எந்தக் காகிதமும் தேவாலயப் பங்குத்தந்தையின் கையொப்பமும் முத்திரையும் இல்லாமல் வெளியே போவதில்லை. சுங்கத்துறை அதைக் கேட்கவில்லை. கேளாவிட்டாலும் வைத்தனுப்புவதே முறை. எனவே கடிதத்தின் அடியில் முத்திரைக்கென இடம் விட்டு, அதை அக்காளுக்குப் படித்துக் காட்டினேன். அக்காள் மீன் அரிவதை நிறுத்தினார்.

"ஏலே செல்வா, சாமியாருக்க முத்திரைக்கு மேல பொய்யா எழுதி வச்சிருக்க? பொய் சொல்லி வாங்குன பிச்சாத்தி நடுக்கடல்ல திறக்குமா?"

கடலுக்குப் போகிற மனிதர் உடலில் எதைத் தரிக்கலாம், எதைத் தரிக்கக்கூடாது என்பதில் எங்கள் பெண்களின் தீர்ப்பே இறுதியானது. நான் முதல் படியைக் கிழித்துவிட்டு உண்மையை எழுதினேன். உண்மை என்று முடிவான பிறகு அதைக் குறைவாக எழுதுவது முறையன்று என்று கருதி, பொத்தானைத் தொட்ட மாத்திரத்தில் கண்ணிமைப்பதற்குள் அலகு வெளிப்படும் விந்தையையும், அவ்வில்லின் வலிமையையும் ஒரு முழுப் பத்தியில் விளக்கினேன். பங்குத்தந்தை அதை இருமுறை படித்தார். இவ்வளவு நிறைவாகக் குற்றத்தை ஒப்புக்கொள்ளும் பாவசங்கீர்த்தனத்தைத் தாம் அண்மையில் கேட்டதில்லை என்று மட்டும் சொல்லி முத்திரையிட்டார்.

மூன்று வாரங்களில் பதில் வந்தது. தாங்களே விவரித்துள்ளபடி இது வில்லினால் விரியும் கத்தியாதலால் உள்ளே அனுமதிக்க இயலாது, அனுப்பியவருக்கே திருப்பப்படும் என்று இரண்டே வரிகளில் எழுதியிருந்தார்கள். செய்தி கேட்ட ரெஜின் அன்று மாலையே தொலைபேசியில் என்னை அழைத்தான்.

"மாமா, நீங்க கடுதாசி எழுதினியளா, இல்ல அந்தக் கம்பெனிக்கு வெளம்பரம் எழுதினியளா?"

அப்போது சூன் மாதத்தின் இறுதி வாரம். தடைக்காலம் தொடங்கி இரண்டு வாரங்கள் ஆகவிருந்தன. சத்தியநேசன் அத்தானின் இடத்துக்கு வேறு ஆள் தேடுவதாகவும் செய்தி வந்தது. மீண்டும் லிஜாவிடம் சென்றோம். தான் முன்னரே சொன்னதை அவள் நினைவூட்டவில்லை. நாங்கள் கேளாமலே துளையுள்ள கத்தியின் படத்தைத் திறந்து வைத்துவிட்டு, வேறு புறம் திரும்பிக்கொண்டாள். அது நினைவூட்டுவதைக் காட்டிலும் கடுமையாக இருந்தது. இம்முறை அத்தான் விலையைப் பாராமல், பணம் கட்டுமாறு ரெஜினுக்குச் சொல்லச் சொன்னார்.

முன்னெச்சரிக்கையாக இதற்கும் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு நான் பங்குத்தந்தையிடம் போனேன். சுங்கத்துறையினர் கேட்கட்டும், பிறகு எழுதலாம் என்று அவர் என்னைக் கனிவோடு திருப்பி அனுப்பினார். அவர்கள் கேட்கவில்லை. சூலைத் திங்கள் பத்தொன்பதாம் நாள் தபால்காரர் சுங்கவரியைப் பெற்றுக்கொண்டு பொட்டலத்தை அக்காளிடம் கொடுத்தார்.

கறுத்த பிடியும் மூன்றங்குல அலகும் கொண்ட எளிய கத்தி அது. முதல் நாள் அது அத்தானுக்கு அடங்கவில்லை. கயிறு இழுத்துக் காய்ப்பேறிய கட்டைவிரல் துளையில் நிற்காமல் வழுக்கியது. அவர் அதை விடவில்லை. கஞ்சி குடிக்கும்போதும், பேருந்துக்குக் காத்திருக்கும்போதும் கையில் கத்தி இருந்தது. ஐந்தாம் நாள் முதன்முறையாக அலகு 'டக்' என்று பூட்டி நின்றது. அந்த ஒலியில் அவர் மிகவும் மயங்கிவிட்டார். ஞாயிறு திருப்பலியில் மறையுரையின்போது ஆண்கள் பக்கமிருந்து மூன்று முறை அந்த ஒலி எழுந்தது. பங்குத்தந்தை பேச்சை நிறுத்தி, பேதுருவிடம் வாளை உறையிலிடுமாறு ஆண்டவர் கட்டளையிட்ட பகுதியை அன்றைய வாசகத்தோடு தொடர்பில்லாமலே விளக்கினார்.

சூலை இருபத்தெட்டாம் நாள் காலையில் கடற்கரை மணலில் சோதனை நடந்தது. சத்தியநேசன் வாய்ப்பேச்சில் நம்பிக்கை இல்லாதவர். படகுக்கென வாங்கிய கயிற்றுச் சுருளிலிருந்து ஒரு நீளத்தை எடுத்து, ஒரு முனையை அத்தானின் வலக்காலில் சுருக்கிட்டு, மறுமுனையை நான்கு பேரிடம் கொடுத்தார். அவர்கள் கடலை நோக்கி ஓட வேண்டும். அத்தான் கத்தியைத் திறந்து கயிற்றை அறுக்க வேண்டும். ஊர் முழுவதும் சுற்றி நின்றது. அக்காள் பெண்களுக்கு நடுவே, சேலை முந்தானையை இறுகப் பற்றியவாறு நின்றார்.

நால்வரும் ஓடினார்கள். அத்தான் மணலில் விழுந்தார். அவர்கள் இரண்டாவது அடியை எடுத்து வைக்கும் முன்பே 'டக்' என்ற ஒலி அனைவருக்கும் கேட்டது. வெயிலில் அலகு மின்னியது. எல்லோரும் மகிழ்ந்தோம். ஆனால் கயிறு அறுபடவில்லை. அத்தான் திறந்த கத்தியை உயர்த்திப் பிடித்தபடி, மல்லாந்த நிலையில், எங்கள் கண்முன்னே நெடுந்தூரம் இழுத்துச் செல்லப்பட்டார். அலையின் விளிம்பில் அவர்கள் களைத்து நின்றபோது அவரும் நின்றார்.

ஸ்ராங்கு அருகில் சென்று, ஏன் அறுக்கவில்லை என்று கேட்டார். அத்தான் வாயில் புகுந்த மணலைத் துப்பினார்.

"கயறு புதுசுல்லா. ஒரு முடிச்சுகூட விழாத கயறு. எப்பிடி ஓய் அறுக்கது?"

எவரும் உடனே சிரிக்கவில்லை. அங்கு நின்றவர்கள் யாவரும் தொழிலாளர்கள். சிக்கினால் மணிக்கணக்கில் உட்கார்ந்து சிக்கெடுப்பார்களே தவிர, புதுக்கயிற்றில் கத்தி வைக்க அவர்களில் ஒருவருக்கும் மனம் வராது. பலர் தம்மை அறியாமல் தலையசைத்தார்கள். சத்தியநேசன் மட்டும் அசையவில்லை.

"உமக்க கையில எனக்கு பேடி இல்ல ஓய். மனசுலதான் பேடி. கடல்ல புதுக் கயறும் ஓடும்" என்று தம் அச்சத்தை மெல்லச் சொல்லிவிட்டு, காலிலிருந்த சுருக்கைக் கழற்றக் குனிந்தார்.

அத்தானின் முகம் அப்போது இருந்த நிலையை நான் வருணிக்கப்போவதில்லை.

பெண்களின் கூட்டத்திலிருந்து அக்காள் இறங்கி வந்தார். கத்தியைக் கீழே வைக்குமாறு கணவரிடம் சொன்னார். கத்தியைக் கைக்குக் கை வாங்கினால் சண்டை வரும் என்பது எங்கள் வழக்கு. அத்தகைய நேரத்திலும் அவர் அதை மறக்கவில்லை. அத்தான் அதை மணலில் வைத்தார். அக்காள் அதை எடுத்து, கயிற்றை நடுவில் பிடித்து ஒரே இழுப்பில் அறுத்தார். அறுந்த துண்டுகளில் ஒன்றை மீண்டும் இரண்டாக்கினார். அலகு அவ்வளவு கூர்மையானது என்பதை அப்போதுதான் நாங்கள் கண்டோம்.

"இப்ப இது பழங்கயறு. மறுக்கக் கெட்டும்" என்றார் அக்காள்.

சத்தியநேசன் மீண்டும் கட்டினார். நால்வரும் மறுபடி ஓடினார்கள். இம்முறை 'டக்' ஒலியும் கயிறு அறுபடும் ஒலியும் ஒன்றாகவே கேட்டன. எதிர்பாராமல் விடுபட்ட நால்வரும் முகம் குப்புற நீரில் விழுந்தார்கள். அதன் பின்னரே ஊர் சிரித்தது. ஒன்றாம் தேதி பையை எடுத்துக்கொண்டு வருமாறு அத்தானிடம் சொன்ன ஸ்ராங்கு, அக்காளுக்கும் விருப்பம் உண்டெனில் தம் படகில் ஓர் இடம் காலியாக இருப்பதாகத் தெரிவித்தார். அக்காள் கத்தியை மடக்க முயன்று தோற்று, அதை மணலில் வைத்தார்.

அன்று மதியம் நான் வீட்டுக்குச் சென்றபோது அத்தான் முற்றத்தில் உட்கார்ந்திருந்தார். அவர் முன்னே அறுபட்ட கயிற்றுத் துண்டுகள் கிடந்தன. அவற்றின் புரிகளைப் பிரித்து ஒன்றோடொன்று பின்னி, பழைய நீளத்துக்குக் கொண்டுவரும் வேலையில் ஈடுபட்டிருந்தார். ஒரு முனையை என்னிடம் நீட்டி, இறுகப் பிடிக்கச் சொன்னார். பிடித்தேன். மாலைக்குள் முடித்து, இருள்வதற்கு முன் ஸ்ராங்கின் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும் என்பது அவருடைய திட்டம். அக்காளின் காதில் விழாதபடி தாழ்ந்த குரலில் அதைச் சொன்னார்.