படிக்காத பத்தொன்பது பக்கம்

அந்த நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி என்று நாளிதழ்கள் கொட்டி முழக்கிய மறுநாள் நீதிபதியம்மா ஆசனத்தில் உட்கார்ந்தார். கால் தரையைத் தொடவில்லை. நாற்காலியை ஆறடி ஆண்களுக்கென்றே செய்திருந்தார்கள். டவாலிச் சேவகர் நான்கு தடித்த சட்டப் புத்தகங்களைக் கொண்டுவந்து காலுக்கடியில் வைத்தார். யாரும் புரட்டாத புத்தகங்கள் அதற்காவது உதவினவே!

பக்கத்து நாற்காலியில் மூத்த நீதிபதி. பெரியவர் வாயைத் திறந்தால் கூரை அதிரும். பேனாவைத் திறக்கத்தான் சோம்பல். இளையவர் தீர்ப்பு எழுதுவார், மூத்தவர் கையொப்பமிட்டு மன்றத்தில் வாசிப்பார் என்பது அங்கே வழக்கம். அந்த வழக்கத்தைப் பெரியவர் கண்ணைப் போலக் காப்பாற்றி வந்தார்.

இரண்டாம் மாதம் ஒரு தட்டச்சுக்காரியின் வழக்கு வந்தது. கல்யாணம் செய்துகொண்ட குற்றத்துக்காக அவளை அலுவலகம் வீட்டுக்கு அனுப்பியிருந்தது. விதியே அப்படியாம். அதே மாதம் கல்யாணம் செய்துகொண்ட குமாஸ்தாவுக்குப் பதவி உயர்வு.

“தள்ளுபடிதானேம்மா. ரெண்டு பக்கத்துல முடிச்சிடு,” என்றார் பெரியவர்.

“நான் அப்படி நினைக்கல சார். எழுதித் தரேன், படிச்சுப் பாருங்க. ஒத்துவரலன்னா சொல்லுங்க.”

“சரி சரி.”

நீதிபதியம்மா பத்தொன்பது பக்கம் எழுதினார். மூன்று நாள் அது பெரியவர் மேசையில் கிடந்தது. “படிச்சீங்களா சார்?” என்று இரண்டு முறை கேட்டார்.

“நீ எழுதினதுல என்னம்மா தப்பு இருக்கப்போகுது?”

நான்காம் நாள் தாள்கள் கையொப்பத்தோடும் முதல் பக்கத்தில் வட்டமான தேநீர்க் கறையோடும் திரும்பின.

மன்றத்தில் பெரியவர் கணீரென்று வாசித்தார். பத்துப் பக்கம் தேர் போல ஓடியது. பதினொன்றாவதில், “ஆகவே இந்த விதி செல்லாது,” என்று வாய் சொல்லிவிட்ட பிறகுதான் காதுக்கு எட்டியது. திரும்பிப் பார்த்தார். நீதிபதியம்மா மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிருபர்களின் பேனாக்கள் பறந்தன. கடைசி வரிசையில் தட்டச்சுக்காரி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். படிக்காமல் கையொப்பமிட்டேன் என்று எந்த நீதிபதி சொல்வார்? மென்று விழுங்கி மீதி எட்டுப் பக்கத்தையும் வாசித்து முடித்தார்.

மறுநாள் நாளிதழில் பெரியவர் படம்: ‘பெண்களின் காவலர்’. கீழே பொடி எழுத்தில், ‘உடன் ஒரு பெண் நீதிபதி’. மாலைக்குள் காவலருக்கே அதில் நம்பிக்கை வந்துவிட்டது. ராத்திரி பகலாகக் கண் விழித்து எழுதினாராம்.

அன்று சாயங்காலம் நீதிபதியம்மா அங்கியைக் கழற்றிவிட்டுத் தாழ்வாரத்தில் நடந்தபோது, ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு தட்டச்சுக்காரி எதிரே வந்தாள்.

“அக்கா, நேத்து தீர்ப்பு சொன்ன ஐயாவோட ரூம் எங்கக்கா இருக்கு? நீங்க இங்கதான வேலை பாக்கறீங்க?”

வலித்தது, நன்றாகவே வலித்தது. கூப்பிட்டு உட்காரவைத்து உண்மையைச் சொல்லிவிட நாக்கு துடித்தது. சொன்னால் அப்புறம் தீர்ப்பு யாருடையது என்று ஒரு மேல்முறையீடு வரும். இவள் வேலை மறுபடி அந்தரத்தில் தொங்கும்.

“ஆமாம்மா, இங்கதான். மூணாவது கதவு,” என்று கையைக் காட்டினார். “எப்போ வேலைக்கு வரச் சொன்னாங்க?”

“நாளைக்குக்கா!”

“நேரத்துக்குப் போயிடு. அப்புறம், எதுல கையெழுத்துப் போட்டாலும் ஒரு தடவை படிச்சுட்டுப் போடு.”